வியாபாரிகளின் ஐந்தெழுத்து



போன வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பழைய தபால்தலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் 'தந்தி' என்று ஒரு சொல் வந்துவிட்டது. ஒரு மாணவி எழுந்து, "தந்தின்னா வீணையில கட்டியிருக்குமே, அதா சார்?" என்று கேட்டாள். வகுப்பு சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அது தெரியாது.

அவர்கள் மேல் குற்றமில்லை. நம் நாட்டில் தந்திச் சேவை 2012 ஜூலை முதல் தேதியோடு நின்றுபோனது. மறு ஆண்டு ஜூலையில் இந்தியாவிலும் மூடிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் யாராவது இருந்தால், காதருகே போய் "தந்தி வந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கை நடுங்கும். ஆபீஸ் பையன் காகிதத்தோடு லயத்துப் பக்கம் திரும்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்து நெஞ்சில் கைவைத்து நின்ற காலம் அது. காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். தந்தி என்றால் சாவு, நம்மவர்களுக்கு அவ்வளவுதான்.

அதே தந்தியைப் பெரிய கம்பெனிக்காரர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள், அதில் காசை எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதை இந்த மாதம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கடைசியில் என் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு.

முதலில் கம்பியைப் பார்ப்போம். 1871-இல் சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியிலே பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வாந்தியெடுத்துக்கொண்டு வந்த அதே கடல்தான். அதுவரை லண்டனிலிருந்து சேதி வர வாரக்கணக்காகும். கம்பி வந்த பிறகு மணிக்கணக்கு.

கடலுக்கடியில் கம்பி கிடந்தால் உப்புத் தண்ணீர் சும்மா விடுமா? மின்சாரம் வெளியே கசிந்துவிடும். அதைத் தடுக்கக் கம்பியின்மேல் ஒரு மரப்பால் பூசினார்கள். நாம் வெட்டும் ரப்பர் பால் அல்ல. 'கட்டாப் பெர்ச்சா' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் 'கெத்தா தாபான்' என்பார்கள். நம் ஜொகூர்க் காடுகளில் தானாக வளர்ந்து நின்ற மரம் அது. 1840-களில் வெள்ளைக்காரர்களுக்கு அதன் அருமை தெரிந்ததும் விலை ஏறியது. அப்போது ஜொகூரின் தெமெங்கோங்காக இருந்த டாயெங் இப்ராகிம் அந்த வியாபாரத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்து பெரும் பொருள் சேர்த்தார். பின்னாளில் ஜொகூர் சுல்தானாகப் பெயர் பெற்ற அபு பக்காரின் தந்தை அவர்.

இதில் வருந்தத்தக்க விஷயம் ஒன்று. ரப்பர் மரத்தைப்போல் அதைக் கீறிப் பாலெடுக்க முடியவில்லை. பால் சீக்கிரம் உறைந்துவிடும். கீறினால் கொஞ்சமாகத்தான் வரும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்துக்குச் சிறிதளவு பால். பிறகு அடுத்த மரம். உலகத்தின் கடல்களுக்கடியில் கிடந்த கம்பிக்கெல்லாம் தென்கிழக்காசியக் காடுகள் இப்படித்தான் பால் கொடுத்தன.

இவ்வளவு செலவழித்துப் போட்ட கம்பியை இனாமாகப் பேச விடுவார்களா? ஒவ்வொரு சொல்லுக்கும் காசு வாங்கினார்கள். 1866-இல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கம்பி போட்ட புதிதில் இருபது சொல்லுக்கு இருபது பவுன் கேட்டார்கள். அந்நாளில் அது ஒரு சிறு குடும்பத்துக்குப் பல மாதச் சாப்பாடு. பிறகு படிப்படியாகக் குறைந்தது என்றாலும், கீழ்த்திசை நாடுகளுக்குத் தந்தி என்பது விலை உயர்ந்த சரக்காகவே இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தந்தியில் சேதிக்கு மட்டுமல்ல, விலாசத்துக்கும், அனுப்பியவர் பெயருக்கும்கூடச் சொல் கணக்கிட்டுக் காசு வாங்கினார்கள். இதை மறந்துவிடாதீர்கள். என் கதைக்கு வேண்டும்.

வியாபாரிக்குத் தந்தி இல்லாமல் முடியாது. சரக்கு விலை லண்டனில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆகவே அவன் மூளையைக் கசக்கினான். கசக்கியதில் பிறந்ததுதான் சங்கேதப் புத்தகம். 'கோட் புக்' என்பார்கள். தலையணை அளவுக்குத் தடித்த புத்தகம். இடப்பக்கம் ஒரு சொல், அதற்கு எதிரே ஒரு முழு வாக்கியம். 'உங்கள் விலை மிகக் குறைவு, ஏற்க இயலாது' என்பதற்கு ஒரு சொல். 'கப்பல் புறப்பட்டுவிட்டது' என்பதற்கு ஒரு சொல். அனுப்புகிறவனிடம் ஒரு புத்தகம், வாங்குகிறவனிடம் அதே புத்தகம் இருந்தால் போதும். 1870-களில் வெளிவந்த 'ஏ.பி.சி. கோட்' இதில் பேர்போனது.

தமிழ் படித்த அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் விளங்கும் சொல். நம்மவர்கள் அதைப் பிறருக்கு மறைக்கப் பயன்படுத்தினார்கள். தந்தி வியாபாரிகளுக்கு மறைப்பது இரண்டாம் பட்சம். காசுதான் முதல். புத்தகத்தைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாமே!

தந்தி நிர்வாகங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சர்வதேச மாநாடு கூட்டிச் சட்டம் போட்டார்கள். சங்கேதச் சொல் பத்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் என்று குறித்த எட்டு மொழிகளில் உள்ள உண்மையான சொல்லாக இருக்கவேண்டும் என்றார்கள். (எட்டில் தமிழ் கிடையாது. ஆசிய மொழி எதுவுமே கிடையாது.) வியாபாரிகள் மீறினார்கள். இல்லாத சொற்களைப் புனைந்து அனுப்பினார்கள். உடனே அதிகாரிகள் 'இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்தலாம்' என்று இரண்டரை லட்சம் சொற்களுக்கு மேல் தொகுத்து 1894-இல் ஓர் அகராதியே அச்சடித்தார்கள். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். அகராதி கட்டாயமாகாமலே போயிற்று. கடைசியில் 1903-இல் லண்டன் மாநாட்டில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். வாயால் உச்சரிக்க முடிகிற எந்தப் பத்தெழுத்தும் ஒரு சொல்தான், அதற்குப் பொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டோம் என்றார்கள்.

இங்கேதான் ஒரு கெட்டிக்காரர் வந்தார். பெண்ட்லி என்ற ஆங்கிலேயர். பத்தெழுத்து ஒரு சொல் என்றால், ஐந்தெழுத்துச் சொற்கள் இரண்டை ஒட்டவைத்தாலும் ஒரு சொல்தானே? அவர் 1906-இல் வெளியிட்ட புத்தகத்தில் சங்கேதச் சொற்கள் ஐந்தெழுத்து கொண்டவை. இரண்டு வாக்கியத்தை ஒட்டி ஒரு சொல் காசில் அனுப்பலாம். செலவு ஒரே வீச்சில் பாதியாயிற்று. ஐந்தெழுத்து என்றால் நமக்கெல்லாம் சிவன் கோயில்தான் நினைவுக்கு வரும். இது வியாபாரிகளின் ஐந்தெழுத்து. அவர்களும் பக்தியோடுதான் ஓதியிருப்பார்கள்.

எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாத்தியார் புத்தி போகாது, மன்னியுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கம்பெனி லண்டனுக்குச் சொல்லவேண்டியது இது: 'பத்து டன் முதல் தரப் புகைபோட்ட ஷீட் தயார். அடுத்த மாதக் கப்பலில் அனுப்பலாம். நீங்கள் சொல்லும் விலைக்குக் கட்டாது. அரைப் பென்ஸ் கூட்டினால் சம்மதம், உடனே பதில் தரவும்.' ஆங்கிலத்தில் விரித்து எழுதினால் முப்பது சொல் பிடிக்கும். அறுபது வெள்ளி. புத்தகத்தில் தேடினால் நான்கு சங்கேதச் சொல்லில் அடங்கும். இரண்டிரண்டாக ஒட்டினால் இரண்டு சொல். நான்கு வெள்ளி!

விலாசத்திலும் மிச்சம் பிடித்தார்கள். கம்பெனியின் நீளப் பெயருக்கும் தெருப் பெயருக்கும் பதிலாக ஒரே ஒரு சொல்லைத் தபாலாபீசில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல், பிறகு ஊர்ப் பெயர். விலாசம் முடிந்தது.

இந்தத் தந்திகளில் போனது யாருடைய சரக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை. 1909-இல் ஜொகூரைக் குறுக்கே கடந்து ரயில் ஓடத் தொடங்கியது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. 1910-இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. மறு ஆண்டு சிங்கப்பூரிலேயே ரப்பர் ஏலம் தொடங்கினார்கள். ஏலத்தில் ஒரு கண், லண்டன் தந்தியில் ஒரு கண். கம்பெனிக் குமாஸ்தா காலையில் வந்து புத்தகத்தைப் பிரித்து ஐந்தெழுத்துகளை விலையாக மாற்றுவார். அந்த விலை ஏஜென்சி ஆபீசிலிருந்து துரைக்குப் போகும். துரையிடமிருந்து பெரிய கிராணிக்கு. கிராணியிடமிருந்து பிரட்டுக் களத்துக்கு வரும்போது அது விலையாக இருக்காது, கூலியாக இருக்கும். 1930-இல் சந்தை சரிந்தபோது, மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. அந்தச் சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைந்தது, ஏன் அனுப்புகிறார்கள் என்று விளக்கிச் சொல்ல யாரும் சொல் செலவழிக்கவில்லை.

சங்கேதத்தில் ஆபத்து இல்லாமலில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி பிலடெல்பியா நகரத்தில் இருந்தார். 1887 ஜூனில் கான்சாஸ் மாநிலத்தில் இருந்த தம் ஆளுக்குத் தந்தி கொடுத்தார். 'ஐந்து லட்சம் ராத்தல் கம்பளி வாங்கிவிட்டேன்' என்பது சேதி. 'வாங்கிவிட்டேன்' என்பதற்கு அவர்களுடைய சங்கேதச் சொல் 'பே'. ஆங்கிலத்தில் பி, ஏ, ஒய் என்று மூன்றெழுத்து. போய்ச் சேரும்போது நடுவிலிருந்த 'ஏ', 'யூ'வாக மாறிவிட்டது. பி, யூ, ஒய். அதாவது 'பை' – வாங்கு!

தந்தி மொழியில் ஏ என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. யூ என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஒரே ஒரு புள்ளி கூடிவிட்டது. அங்கிருந்த ஆள் முதலாளியின் கட்டளை என்று நம்பி லட்சக்கணக்கான ராத்தல் கம்பளியை வாங்கித் தள்ளினார். நஷ்டம் இருபதாயிரம் டாலருக்கு மேல். பிரிம்ரோஸ் தந்திக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1894-இல் தீர்ப்பு வந்தது. பாதிக் கட்டணம் கூடக் கொடுத்திருந்தால் தந்தியைத் திருப்பி அனுப்பிச் சரிபார்த்திருப்பார்கள். அதை அவர் செய்யவில்லை. படிவத்தின் பின்புறம் அச்சடித்திருந்த நிபந்தனைப்படி அவருக்குக் கிடைக்கக்கூடியது தந்திக்குக் கட்டிய காசு மட்டுமே. ஒரு டாலர் பதினைந்து காசு!

இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு புத்தகம் தயாரித்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஒரு சங்கேதச் சொல்லுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது இரண்டு எழுத்தாவது வித்தியாசம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஓர் எழுத்து பிசகினால் அது எந்தச் சொல்லாகவும் இராது. பிசகு என்று உடனே தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். இன்று கணினிகள் ஒன்றோடொன்று பேசும்போது பிழையைக் கண்டுபிடிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தாத்தாவுக்குத் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். இளவயதில் இங்கே வந்தவர், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். 1956-இல் ஒருநாள் மத்தியானம் ஊரிலிருந்து தந்தி வந்தது. சின்னக் கிராணி படித்துச் சொன்னார். 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு. ஆங்கிலத்தில் நான்கே சொல்.

தாத்தாவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ராஜுலா கப்பலைப் பிடித்தாலும் கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். கையில் காசில்லை. மூத்த பிள்ளை, போகாமலும் இருக்கமுடியாது. கிராணி நல்ல மனிதர்தான். "சீரியஸ்னுதானே போட்டிருக்கு? செத்துப்போச்சுன்னு போடலையே. பொழைச்சுக்கும். நிலைமை என்னன்னு ஒரு தந்தி அடிச்சுக் கேட்டுட்டு அப்புறம் கெளம்புப்பா" என்றாராம்.

மறுநாள் டவுன் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தார்கள். 'ஒயர் கண்டிஷன்' – நிலைமையைத் தந்தியில் சொல்லவும். சேதி இரண்டே சொல். ஆனால் விலாசம்? சித்தப்பா பெயர், அவர் தகப்பன் பெயர், தெரு, கிராமம், தபாலாபீஸ், துறையூர், திருச்சி என்று ஏழு சொல். ஒன்பது சொல்லுக்குக் காசு கட்டினார் தாத்தா. எத்தனை வெள்ளி என்று அப்பாயிக்கு நினைவில்லை. "உங்க தாத்தா நாலஞ்சு நாளு கூலி அப்புடியே போச்சு தம்பி" என்பது மட்டும்தான் அப்பாயி சொன்ன கணக்கு.

பதில் தந்தி வரவில்லை. அங்கேயும் காசில்லை. மூன்று வாரம் கழித்து, நான்கு முனையிலும் மை தடவிய கடிதம் வந்தது. அம்மா தந்தி கொடுப்பதற்கு முதல் நாள் விடியற்காலையிலேயே போய்விட்டார். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். காரியமும் முடிந்துவிட்டது. 'செத்துப்போச்சு என்று எழுதினால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் சீரியஸ் என்று போட்டோம். எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள்' என்று சித்தப்பா எழுதியிருந்தார்.

அவர் சொன்னதும் தப்பில்லை. அந்நாளில் நம்மவர்களிடம் அது எழுதாத வழக்கம். செத்தாலும் 'சீரியஸ்', சாகக்கிடந்தாலும் 'சீரியஸ்'. படிக்கிறவன்தான் ஊகித்துக்கொள்ளவேண்டும். தாத்தாவுக்கு அந்த வழக்கம் தெரியாமலிருக்குமா? தெரியும். ஆனாலும் கிராணி சொன்னதை நம்ப ஆசைப்பட்டுவிட்டார். அதைத்தான் சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார் என்பார் அப்பாயி.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. அந்தத் தடித்த சங்கேதப் புத்தகங்களில் ரப்பர் விலை மட்டும் இல்லை. நோய், மரணம் என்று தனித் தலைப்புகளும் உண்டு. உடல்நிலை தேறிவருகிறது, நம்பிக்கை இல்லை, காலமாகிவிட்டார் என்று வகைவகையாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். ஒரே சொல் காசில் துரைக்குத் தன் தாயின் நிலைமை துல்லியமாகத் தெரிந்துவிடும். அந்த வசதி புத்தகம் இருந்தவனுக்கு. விலாசமும் அவனுக்கு இரண்டு சொல்தான். என் தாத்தாவுக்கு ஏழு.

ஏழைக்கும் ஒரு சங்கேதம் பின்னாளில் வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். இந்தியத் தந்தி இலாகா வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருந்தது. தீபாவளிக்கு ஓர் எண், தேர்வில் வென்றதற்கு ஓர் எண், மணமக்களுக்கு ஓர் எண். படிவத்தில் எண்ணை எழுதினால் போதும். போய்ச் சேருமிடத்தில் முழு வாழ்த்தாக வரும். கல்யாணப் பந்தலில் அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ஒரே வாக்கியத்தை இருபது தடவை கேட்டாலும் கூட்டம் சலிக்காமல் கை தட்டும்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபின் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். துறையூருக்கு என் தாத்தாவின் தந்தியை நீங்கள் எழுதுங்கள். விலாசம் சேர்த்து ஒன்பதே சொல். பதில் நிச்சயமாகத் தெரியவேண்டும். ஒருவன் வீட்டுப் பெயரையும் தெருவையும் வெட்டினான். இன்னொருத்தி சித்தப்பாவின் தகப்பன் பெயரை எடுத்துவிட்டாள். வீணை என்று கேட்டாளே, அந்தப் பெண் வெகுநேரம் எழுதி எழுதி அடித்துவிட்டுக் கடைசியில் நோட்டை நீட்டினாள். விலாசம் ஏழு சொல் அப்படியே இருந்தது. அதன் கீழே இரண்டே சொல்: 'அம்மா உயிரோடா?'

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், பழைய பாஸ்போர்ட்டுக்கு அடியில், தந்திக் காகிதம் ஏதாவது மடித்துக் கிடந்தால் பிரித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டுக் காகிதம் அப்பாயியின் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. 'சீரியஸ்' என்ற சொல் மட்டும் நன்றாகத் தெரிகிறது.